முதல் பாகத்து ஹீரோ, 2-ம் பாகத்தில் சிறைக்காவலன்! ஃபேரி காதல் தொடரின் ‘சீக்வல்’ கொண்டாடப்படுவது ஏன்?

படமோ நாவலோ, இரண்டாம் பாகம் வந்தாலே ஒரு ரெடிமேட் விமர்சனம் காத்திருக்கும்: “முதல் பாகம் அளவுக்கு இல்லப்பா!” ஆனால், ஃபேரிகளின் உலகில் நடக்கும் ஒரு ஆங்கிலக் காதல் தொடரின் ரசிகர்கள் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். “முதல் பாகத்தை எப்படியாவது முடிச்சிடு, ரெண்டாவதுதான் மேட்டரே!”

அமெரிக்க எழுத்தாளர் சாரா ஜே. மாஸின் ‘எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃபியூரி’தான் அந்த இரண்டாம் பாகம். 2016-ல் வெளியானது. 600 பக்கங்களைத் தாண்டும் இந்தப் புத்தகத்தில் அப்படி என்ன இருக்கு? பார்ப்போம்.

(ஸ்பாய்லர் அலர்ட்: தொடரின் முக்கியமான திருப்பங்கள் இங்கே பேசப்படுகின்றன.)

ஃபேரி என்றால் குட்டி தேவதையா?

இல்லை. மந்திரக்கோலும் சின்ன இறக்கையும் கொண்ட கார்ட்டூன் தேவதையை மறந்துவிடுங்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் ஃபேரிகள் அழகானவர்கள், ஆபத்தானவர்கள். மனிதர்களைக் கடத்திப் போவார்கள். பேரம் பேசி மாட்டிவிடுவார்கள்.

மாஸ் எடுத்துக்கொண்டது இந்த மரபைத்தான். ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ கதையையும், ஃபேரி ராணியிடம் சிக்கிய காதலனைப் பெண் மீட்கும் ‘டாம் லின்’ என்ற ஸ்காட்லாந்துக் கதைப்பாடலையும் அடித்தளமாக வைத்து, 2015-ல் ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்’ நாவலை எழுதினார். அதுதான் முதல் பாகம்.

முதல் பாகத்தில் என்ன நடந்தது?

ஃபேய்ரா, 19 வயதுப் பெண். நொடித்துப்போன குடும்பத்துக்காகக் காட்டில் வேட்டையாடுகிறாள். ஒருநாள் அவள் கொல்லும் ஓநாய், உண்மையில் ஒரு ஃபேரி. அதற்குத் தண்டனையாக ‘வசந்த அரசவை’யின் தலைவன் டாம்லின் அவளைத் தன் மாளிகைக்குக் கொண்டுபோகிறான். போகப் போகக் காதல் வருகிறது.

அமரந்தா என்ற கொடுங்கோல் ராணியின் பிடியிலிருந்து டாம்லினை மீட்க, ஃபேய்ரா மூன்று சோதனைகளைச் சந்திக்கிறாள். மூன்றாவதில், ஒரு தப்பும் செய்யாத இரண்டு ஃபேரிகளைத் தன் கையாலேயே கொல்ல வேண்டிவருகிறது. கடைசியில் அவளும் உயிரிழக்கிறாள். ஏழு அரசவைகளின் தலைவர்களும் சேர்ந்து அவளை ஃபேரியாக உயிர்ப்பிக்கிறார்கள். காதலர்கள் ஒன்று சேர்கிறார்கள். சுபம்!

‘சுபம்’ போட்ட பிறகு?

இரண்டாம் பாகம் அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. மூன்று மாதங்கள் கழித்து ஃபேய்ரா இரவில் தூங்குவதில்லை. கெட்ட கனவு கண்டு எழுந்து வாந்தி எடுக்கிறாள். உடல் மெலிந்துபோகிறது. உயிராக நேசித்த ஓவியத்தைத் தொடுவதே இல்லை. கல்யாணத்தன்று பாதையில் தூவிய சிவப்பு ரோஜா இதழ்கள்கூட அவளுக்கு ரத்தமாகத் தெரிகின்றன.

டாம்லின் என்ன செய்கிறான்? அவளைப் பாதுகாக்கிறான். அதுதான் பிரச்சினையே! வெளியே போகக் கூடாது, கூட்டங்களில் கலந்துகொள்ளக் கூடாது, பயிற்சி கூடாது. ஒரு கட்டத்தில் மந்திரத்தால் மாளிகையையே பூட்டிவிட்டுப் போகிறான். பூட்டிய வீட்டுக்குள் அவள் மூச்சுத் திணறி நொறுங்கிப்போகிறாள்.

இத்தனைக்கும் டாம்லின் அவளை வெறுக்கவில்லை. அவளை மீண்டும் இழந்துவிடுவோமோ என்ற பயம் அவனைத் தின்கிறது. அவனும் காயப்பட்டவன்தான். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று சொல்லும் அன்பு எந்த இடத்தில் சிறையாகிறது என்பதே இந்த நாவல் கேட்கும் கேள்வி. ஃபேரிகள் வேண்டுமானால் கற்பனை. இந்தக் கேள்வி அப்படி அல்ல.

வில்லன் எப்படி ஹீரோ ஆனான்?

‘இரவு அரசவை’யின் தலைவன் ரீசாண்ட், முதல் பாகத்தில் எல்லோரும் பயப்படும் ஆள். உயிருக்குப் போராடிய ஃபேய்ராவைக் குணப்படுத்த, மாதத்தில் ஒரு வாரம் தன்னிடம் வந்து இருக்க வேண்டும் என்று பேரம் பேசியவன்.

இரண்டாம் பாகத்தில் அந்தப் பேரத்தைக் காட்டி அழைத்துப் போகிறவன், எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு வாசிக்கக் கற்றுத்தருகிறான். பயிற்சிக்காக அவன் எழுதச் சொல்லும் வாக்கியங்கள் எல்லாம் அவனைப் பற்றிய புகழுரைகள் என்பது செம காமெடி. அப்புறம், ஒவ்வொரு ஆபத்தான காரியத்துக்கு முன்னாலும் ‘வருகிறாயா?’ என்று கேட்டு, முடிவை அவளிடமே விடுகிறான். ‘அரசவைத் தலைவி என்று ஒரு பதவியே கிடையாது’ என்கிறான் டாம்லின். ரீசாண்ட் அவளையே தலைவி ஆக்குகிறான்.

காதல் அவசரமில்லாமல் வருகிறது. முதலில் தூக்கம், பசி, சிரிப்பு எல்லாம் திரும்புகின்றன. தூரிகையை மறுபடி கையில் எடுக்கிறாள். ரசிகர்கள் ‘ஸ்லோ பர்ன்’ என்று உருகுவது இதற்காகத்தான்.

அப்போ ரீசாண்ட் பர்ஃபெக்டா?

இங்கேதான் வாசகர்களுக்குள் சண்டை. முதல் பாகத்தில் ஃபேய்ராவுக்கு மயக்கும் மது கொடுத்து, கூட்டத்தின் முன் ஆட வைத்தவன் அவன். ‘அமரந்தாவை ஏமாற்றத்தான்’ என்று இரண்டாம் பாகம் தரும் விளக்கம் எல்லோருக்கும் போதுமானதாக இல்லை. தங்களுக்குள் இருக்கும் ‘மேட்டிங் பாண்ட்’ என்ற பிணைப்பையும் அவளிடம் மறைக்கிறான். 2021-ல் வந்த ‘எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்’ நாவலில், கர்ப்பத்தால் அவள் உயிருக்கே ஆபத்து என்பதையும் மறைக்கிறான்.

டாம்லினுக்கு ஒரு நியாயம், ரீசாண்டுக்கு ஒரு நியாயமா? நியாயமான கேள்விதான். ஒரு வித்தியாசம் உண்டு: பிணைப்பை மறைத்தது தெரிந்ததும் ஃபேய்ரா கோபப்பட்டுத் தனியாகப் போய்விடுகிறாள். அவன் பூட்டு போடவில்லை, காத்திருக்கிறான்.

யார் படிக்கலாம்?

பாலியல் காட்சிகளும் வன்முறையும் வெளிப்படையாகவே உண்டு. அதனால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே ஏற்றது. அட்டையில் ‘ஃபேரி’ இருக்கிறதே என்று வீட்டுக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் பாகத்தை விட்டுவிட்டு நேராக இரண்டாவதுக்குத் தாவலாமா? வேண்டாம். டாம்லினை நீங்களும் கொஞ்சம் ரசித்திருக்க வேண்டும். ஃபேய்ராவைக் கேட்காமலேயே ‘பாதுகாப்புக்காக’ வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் காட்சியைக் காதல் என்று நம்பிக் கடந்திருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டாம் பாகத்தில் கதவு பூட்டப்படும்போது, அந்தப் பூட்டு முதல் பாகத்திலேயே நம் கண் முன்னால் இருந்தது புரியும்.