அவலின் கனமும் ஆவியின் இழப்பும்

எண்ணெய் என்றதும் எள்ளும் கடலையும் செக்குமே நம் நினைவில் எழும். ஆனால், இந்தூரில் குடியேறி வாழும் நம்மைச் சூழ்ந்த மாளவத்துக் கரிசலில் மழைக்காலத்தே விளைவது பெரிதும் சோயா மொச்சையே. எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். சோயாவிலோ நூற்றுக்கு 18 முதல் 20 பங்குதான். எவ்வளவு அழுத்திப் பிழிந்தாலும் அதிலும் ஒரு பங்கு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆகவேதான் ஆலைகள் ஹெக்ஸேன் என்னும் பெட்ரோலியத் திரவத்தில் எண்ணெயைக் கரைத்தெடுக்கின்றன. அது சுமார் 69 டிகிரி வெப்பத்தில் கொதித்து அகலும், எண்ணெய் எஞ்சும். பிண்ணாக்கில் நிற்பது நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவு.

இம்முறையைச் செம்மைப்படுத்த விழைவோர் முதலில் கரைப்பானையே நோக்குவர். அடியேன் கருத்தில், முதலில் நோக்கத்தக்கது அவல். பருப்பை உடைத்து, இளஞ்சூடேற்றி, உருளைகளிடையே நசுக்கிச் சுமார் 0.3 மில்லிமீட்டர் கனமுள்ள அவலாக்குகின்றனர். கனம் இருமடங்கானால் எண்ணெய் வெளிவர ஏறக்குறைய நான்கு மடங்கு காலமாகும். மிக மெல்லியதாயின் அவல் பொடிந்து, திரவம் வடியும் வழியை அடைத்துவிடும். இதற்குப் பரிகாரமாக, அவலை நீராவியுடன் அழுத்தி, நுண்துளைகள் நிறைந்த கட்டிகளாகப் பொரியச் செய்யும் எந்திரம் வந்துள்ளது. கட்டிகளினின்று திரவம் நன்கு வடிவதால், பின்னர் ஆவியாக்க வேண்டிய ஹெக்ஸேனும் குறைகிறது.

திரவத்தைப் பாய்ச்சும் முறையும் நுட்பமானது. மூன்றாம் தேங்காய்ப்பாலைப் புதிய துருவலில் ஊற்றி முதற்பால் பிழிவதாகக் கொள்ளுங்கள். தூய ஹெக்ஸேன் எண்ணெய் வற்றிய அவலையும், எண்ணெய் செறிந்த திரவம் புதிய அவலையும் சந்திக்கும். நம் இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை!

ஹெக்ஸேன் இழப்பு வெறும் பணநட்டம் அன்று. அதன் ஆவி காற்றினும் கனமானது, தாழ்விடங்களில் தேங்கும், காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றே கடந்தாலும் பொறி பட்டால் வெடிக்கும். 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா ஆலையொன்றிலிருந்து சாக்கடையில் கலந்த ஹெக்ஸேன் வெடித்து, இரண்டு மைலுக்கும் மேலான தெருக்கள் பிளந்தன. விடியுமுன் நேர்ந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. எனவே நல்ல ஆலைகளில், புகைபோக்கி வழியே தப்பும் கடைசி ஆவியையும் குளிர்ந்த கனிம எண்ணெயில் பிடித்து, சூடேற்றி மீட்கின்றனர். 2001இல் அமெரிக்க அரசு வகுத்த விதிப்படி, வழக்கமான சோயா ஆலை ஒரு டன் மொச்சைக்கு இழக்கலாகும் அளவு 0.2 காலன், ஏறத்தாழ முக்கால் லிட்டர்.