தங்கப் பூண் கோலும் தாமதமாக வந்த ஊதியமும்

புது தில்லி: இந்திய ராணுவத்திலும் விமானப் படையிலும் ஓய்வு என்பதே இல்லாத உயர் தகுதி ஒன்று உண்டு. அதன் அடையாளம், தங்கப் பூண் இட்ட ஒரு கோல். ஆங்கிலத்தில் 'பேட்டன்' எனப்படும் இக்கோலை நாடு விடுதலை பெற்றபின் இதுவரை மூவர் மட்டுமே பெற்றுள்ளனர்.

1971 வங்கதேசப் போரின்போது ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷாவே முதல்வர். 1973 ஜனவரி 3-ஆம் தேதி குடியரசுத் தலைவர் மாளிகையில் அவருக்கு பீல்டு மார்ஷல் பட்டம் முறைப்படி வழங்கப்பட்டது. அடுத்த பன்னிரண்டாம் நாள் அவர் தளபதி பொறுப்பிலிருந்து விலகினார்.

முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953-இல் பொறுப்பிலிருந்து விடுபட்டவர். அவருக்குப் பட்டம் கிட்டியது 1986-இல். அப்போது அவருக்கு வயது 87. கால்விரல் வலியையும் பொருட்படுத்தாமல் சீருடைக்குரிய காலணி அணிந்து, ஊன்றுகோலின்றி நின்றே அவர் அதை ஏற்றார் என்பது அவருடைய மகன் பதிவு செய்துள்ள செய்தி. விமானப் படையின் அர்ஜன் சிங்கும் 2002 வரை, ஏறத்தாழ 33 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. கடற்படையில் இதற்கு இணையான பட்டம் எவருக்கும் வழங்கப்படவில்லை. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த முப்படைத் தலைமைத் தளபதி பதவியும் நான்கு நட்சத்திரத் தகுதி உடையதே. பீல்டு மார்ஷலுக்கோ ஐந்து.

பீல்டு மார்ஷலின் தோள்பட்டையில் தாமரை மலர் வளையத்துக்குள் கோலும் வாளும் குறுக்கிட்டு நிற்க, மேலே அசோகச் சின்னம் விளங்கும். விழாக்களில் அவர் கோலை உயர்த்தியே வணக்கம் செலுத்தலாம். உயிருள்ளவரை அவர் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார். ஆகவே ஓய்வூதியம் அன்று, முழு ஊதியமே அவருக்கு உரியது.

இங்கேதான் சிக்கல். கோலைச் சில நிமிடங்களில் கையில் கொடுத்த அரசு, அதற்குரிய ஊதியத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மானெக்‌ஷாவுக்கு முழுமையாக வழங்கவில்லை. 2007-இல்தான் ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிலுவைத் தொகைக்கான காசோலை அவரிடம் அளிக்கப்பட்டது. அப்போது தொண்ணூறு வயதைக் கடந்து, நீலகிரியில் நலிவுற்றிருந்த அவருக்கு அத்தொகையால் என்ன பயன் விளைந்திருக்கும்?

மறு ஆண்டு ஜூன் 27-ஆம் தேதி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் காலமானார். உதகை பார்சி மயானத்தில் நடந்த இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவரோ, பிரதமரோ, பாதுகாப்பு அமைச்சரோ வரவில்லை. பாதுகாப்புத் துறை இணையமைச்சரே வந்தார். தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. அப்போதே இது கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று.

2017 செப்டம்பரில் அர்ஜன் சிங் மறைந்தபோது நிலைமை வேறாக இருந்தது. தில்லி பிரார் சதுக்கத்தில் முழு அரசு மரியாதையுடன் தகனம் நடந்தது. பாதுகாப்பு அமைச்சர் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். தலைநகரின் அரசுக் கட்டடங்களில் அன்று தேசியக் கொடி அரைக் கம்பத்தில் பறந்தது.