படுத்த படுக்கையில் இருபது ஆண்டு!
கால் முறிந்தும் யாரிடமும் பணம் கேட்காத டோனாவூர் அம்மையார்

அநாதைக் குழந்தைகளை வளர்க்கும் இல்லம் ஒன்று. அதன் தலைவர் திடீரென்று விபத்தில் அடிபட்டுப் படுத்துவிடுகிறார். வைத்தியத்துக்குப் பணம் வேண்டும். எங்கே போவது?

சென்னைக்கு மேற்கே ஆவடி, வெள்ளானூர், பூந்தமல்லி வட்டாரத்தில் இப்படி ஒன்று நேர்ந்தால், முதல் இரண்டு நாள் கவலை இன்று ஓரளவு குறைந்திருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சங்கடம் அதற்குப் பிறகுதான். எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகும். குழந்தைகளின் சோற்றுக்கென்று ஊரார் கொடுத்த பணத்தில் தலைவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கை வைப்பது தர்மமல்ல. அதற்கென்று தனியாக நிதி திரட்ட வேண்டும். கணக்கும் தனியாக வைக்க வேண்டும். ஆனால் நிதி திரட்டத் தெரிந்த ஒரே மனிதர் பல இடங்களில் அந்தத் தலைவர்தான். அவரே படுத்துவிட்டால்?

இந்தக் கேள்விக்குத் திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் வாழ்ந்தே விடை சொன்னார். அவர்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

பிரபு பெயரில் ஒரு கிராமம்

அயர்லாந்தில் 1867-ல் பிறந்த இவர், 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். அதன்பின் ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. 1901-ல் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பியோடி இவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து மற்றக் குழந்தைகளும் வந்தார்கள். களக்காட்டுக்கு அருகே உள்ள டோனாவூரில் இல்லம் வளர்ந்தது. 1913-ல் அங்கே 130 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அத்தனை பேருக்கும் அவர் 'அம்மா'தான்.

டோனாவூர் என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே திருப்பணிக்குப் பணம் உதவியவர் ஜெர்மனியைச் சேர்ந்த டோனா பிரபு. அவர் பெயரைத்தான் ஊர் தாங்கி நிற்கிறது. நன்கொடையாளர் பெயரைக் கொண்ட அந்த ஊரிலேதான், நன்கொடை கேட்கவே கூடாது என்று ஓர் ஸ்தாபனம் விதி செய்துகொண்டது!

ஆம், அம்மையாரின் விதி அதுதான். பணம் வேண்டுமென்று மனிதரிடம் கேட்கக் கூடாது. கடனும் வாங்கக் கூடாது. கடவுளிடம் மட்டுமே கேட்க வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஆயிரக்கணக்கான அநாதைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரும் இதே வழியில் நடந்தவர். அம்மையாருக்கு முன்னோடி என்றே அவரைச் சொல்லலாம்.

இருட்டில் ஒரு குழி

1931-ஆம் ஆண்டு. களக்காட்டில் வைத்திய வேலைக்காக ஏற்பாடு செய்திருந்த ஒரு வீட்டைப் பார்க்க அம்மையார் போயிருந்தார். பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது. எதிர்பாராத இடத்தில் புதிதாகக் குழி வெட்டியிருந்தார்கள். அதில் விழுந்துவிட்டார். கால் முறிந்தது, கணுக்காலும் பிசகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 63.

சில வாரங்களில் எழுந்து நடந்துவிடுவார் என்று எல்லோரும் நம்பினார்கள். நடக்கவில்லை. ஒரு நோவு தீர்வதற்குள் மற்றொன்று தலைகாட்டியது. தம் அறையும் கட்டிலுமே உலகம் என்றாகிவிட்டது. 1948-ல் மீண்டும் ஒரு முறை விழுந்து, இருந்த கொஞ்சநஞ்ச நடமாட்டத்தையும் இழந்தார்.

இத்தனைக்கும் விதி மாறவில்லை. "அம்மா படுத்திருக்கிறார், உதவுங்கள்" என்று உண்டியல் குலுக்குவது டோனாவூரின் வழக்கத்திலேயே இல்லை.

பேனா நிற்கவில்லை

அப்படியானால் ஸ்தாபனம் எப்படிப் பிழைத்தது? இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கால் நின்றது, கை நிற்கவில்லை. அடுத்த ஆண்டே, 1932-ல், டோனாவூரின் வரலாற்றை 'கோல்ட் கார்ட்' என்ற பெயரில் புத்தகமாக வெளியிட்டார். 1933-ல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' இன்னும் விசேஷமானது. டோனாவூரின் நண்பர்களில் நோயாளிகளாகப் படுத்திருந்தவர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பு அது. சுகமாக இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதும் ஆறுதல் பெரும்பாலும் எட்டுவதில்லை. படுத்திருப்பவருக்குப் படுத்திருப்பவரே எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். படுக்கையிலிருந்தபடியே பத்துக்கு மேற்பட்ட நூல்களை எழுதி முடித்தார்.

அவர் பணம் கேட்கவில்லை என்பது மெய்தான். ஆனால் குழந்தைகளைப் பற்றி ஓயாமல் எழுதினாரே! கடல் கடந்த ஊர்களில் அதைப் படித்தவர்கள் தாமாகவே அனுப்பினார்கள். இப்படி எழுதத் தெரியாத, வெளிநாட்டு வாசகர்கள் இல்லாத ஓர் இல்லத் தலைவர் இதே விதியைப் பிடித்துக்கொண்டால் குழந்தைகள் பட்டினி கிடக்க நேரும். அப்படிப்பட்டவருக்காக நாலு பேர் முன்வந்து துண்டேந்துவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். விழுவதற்கு நாலு வருஷம் முன்பே, 1927-ல், டோனாவூர் ஐக்கியம் முறைப்படி பதிவாகியிருந்தது. மரே வெப்-பெப்ளோ, மே பவல் ஆகிய டாக்டர்களும், கூட உழைப்போரும், அங்கேயே வளர்ந்து ஆளான பெண்களும் தோள் கொடுக்க இருந்தார்கள். 'பரம சுக சாலை' என்ற ஆஸ்பத்திரியும் டோனாவூரிலேயே எழுந்தது. அம்மையார் விழுந்தபோது அடுப்பு அணையவில்லை. பள்ளிக்கூட மணியும் நிற்கவில்லை.

பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்தபோது அவர் உயிரோடிருந்தார். 1951 ஜனவரி 18 அன்று அந்த அறையிலேயே கண்ணை மூடினார். பெயர்க்கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், புதைத்த இடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு கல் தொட்டியை மட்டும் வைத்தார்கள். அதில் 'அம்மா' என்று பொறித்திருக்கிறது.