கடனும் காரணமும்

ஊரிலிருந்து தாயாரின் நோயைத் தெரிவித்துத் தந்தி வந்தது. அவசரமாகச் சென்று திரும்பிய அன்பர், அயல்மாநில அலுவலகத்தில் விளக்கம் எழுத வேண்டும். 'டியூ டு' என்பதா, 'ஓயிங் டு' என்பதா?

கொடுக்க வேண்டிய கடனைக் குறித்த இச்சொற்கள் பின்னர்க் காரணத்தையும் உணர்த்தலாயின. வேறுபாட்டை அறியத் தமிழே துணைபுரியும். 'என் வரவின்மை நோயால் நேர்ந்தது' எனப் பெயரைச் சார்ந்து வருமிடத்தில், 'மை ஆப்சென்ஸ் வாஸ் டியூ டு இல்னஸ்' என்க. 'நோயால் வர இயலவில்லை' என வினையைச் சாருமிடத்தில், 'ஓயிங் டு இல்னஸ், ஐ குட் நாட் கம்' என்க.

1926இல் வெளிவந்த பௌலரின் ஆங்கில வழக்கு அகராதி இவ்வேறுபாட்டை வலியுறுத்திற்று. இன்று பலர் இதனை நெகிழ்த்துவர். ஆயினும் பேணி எழுதுவோரைக் குறைகூறுவார் இலர்.