உத்மான்சையும் அதன் தலைமையும்

பட்டாணியர் என்றவுடன் நம்மவர் பலர் மனத்தில் எழுவன குதிரையும் வாளும் கடுவட்டியுமே. அவர்தம் ஊர் வாழ்க்கை எத்தகையது, அவர்களுள் தலைவனாவான் யாவன் என்பவற்றை அறிந்தார் சிலரே. ஆதலின் அவர்களது ஊர்களுள் ஒன்றாகிய உத்மான்சையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பெஷாவர் நகருக்கு வடகிழக்கே ஹஷ்த்நகர் என்னும் வளமிக்க பகுதி உளது. எட்டு ஊர் என்பது அப்பெயரின் பொருள். முகம்மத்சாய் குலத்தார் வாழும் அப்பகுதியைச் சேர்ந்ததே உத்மான்சை. அதற்கு அண்மையிலுள்ள சார்சத்தாவில் காந்தார நாட்டுப் பழந்தலைநகராகிய புஷ்கலாவதியின் மண்மேடுகள் இன்றும் உள்ளன.

நிலமுடைய ஊர்த்தலைவர் 'கான்' எனப்படுவார். அவரது 'ஹுஜ்ரா' என்னும் விருந்தினர் மனை வழிப்போக்கர்க்கும் திறந்திருக்கும். எனினும் வழக்குத் தீர்ப்பது அவர் ஒருவரால் ஆவதன்று. பெரியோர் வட்டமாக அமரும் 'ஜிர்கா' என்னும் அவையே அதனைத் தீர்க்கும். நம் வாணியம்பாடிப் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தை அறிந்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். விருந்தோம்பல், அடைக்கலம் தருதல், பழிக்குப் பழி என்னும் மூன்றும் அவர்தம் மரபின் தூண்கள். முன்னிரண்டும் புகழ் தந்தன. மூன்றாவதோ தலைமுறை தலைமுறையாகக் குடிகளை அழித்தது.

இவ்வூர்த் தலைவராகிய பஹராம் கான் பகைவரையும் மன்னித்தவர் எனப் பெயர் பெற்றார். அவர்தம் மைந்தரே 1890-ஆம் ஆண்டளவில் பிறந்த கான் அப்துல் கப்பார் கான். பெஷாவரில் மிஷன் பள்ளியிற் பயின்ற இவர், படைத்துறைப் பதவியை வேண்டாவென விடுத்து, 1910-இல் தம் ஊரிலேயே பள்ளியொன்றை நிறுவினார். 1929-இல் 'குதாய் கித்மத்கார்', அஃதாவது இறைவனின் தொண்டர் என்னும் படையை அமைத்தார். வன்முறையும் பழிவாங்கலும் துறத்தல், நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் பொதுத்தொண்டு செய்தல் என்பன அத்தொண்டர் ஏற்ற உறுதிமொழிகளுட் சில.

தோல் பதனிடும் தொழிலால் வாழும் நம்மூரார்க்கு உவகை தரும் செய்தி ஒன்றுண்டு. தொண்டரது வெள்ளாடை விரைவில் அழுக்கேறவே, சிலர் அதனை உள்ளூர்த் தோற்பதனிடும் இடத்துப் பட்டைச் சாற்றில் தோய்த்தெடுத்தனராம். அச்செந்நிறமே பின்னர் எல்லார்க்கும் சீருடை நிறமாகிச் 'செஞ்சட்டையர்' என்னும் பெயரைத் தந்தது.

1930 ஏப்ரல் 23 அன்று கப்பார் கான் சிறைப்பட்டார். அன்றே பெஷாவரின் கிஸ்ஸா கவானிக் கடைவீதியில் நிராயுதபாணிகளாய் நின்ற மக்கள் மீது குண்டுகள் பாய்ந்தன. பழி மறவாக் குலத்தார் பழி வாங்காது நின்றமை கண்டு உலகம் வியந்தது. கார்வாலிப் படைவீரர் சிலர் சுட மறுத்துத் தண்டனை ஏற்றனர். நாடு பிரிந்த பின்னரும் பாகிஸ்தானிற் பல ஆண்டுகள் சிறையிருந்த அப்பெரியார், 1987-இல் பாரத ரத்னா விருது பெற்று, 1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் மறைந்தார்.

கான் என்னும் உரிமை அவர்க்குப் பிறப்பால் வந்தது. ஆயினும், பிறரைப் பழி துறக்குமாறு ஏவுமுன் தாமே துறந்தமையால் வந்த தலைமையே சிறையிலும் அவரை நீங்காது நின்றது. சிறு பூசலையும் மானக் குறையாகக் கருதிப் பல்லாண்டு பகை வளர்க்கும் ஊர்கள் நம் பாலாற்றங்கரையிலும் இல்லாமலில்லை. அங்கெல்லாம் முதலில் மன்னிப்பவன் எவனோ, அவனே தலைவனாதற்கு உரியன்.