நாற்காலிச் சண்டை இல்லாத கம்ப்யூட்டர் கிளப்!

சங்கம் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் தேர்தல் தகராறு என்பதுதான் நாம் அறிந்தது. அமெரிக்காவில் 11 ஆண்டுகளுக்கு மேல் நடந்த "ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்" வேறு மாதிரி. கூட்டத்தை நடத்த ஒருவர், செய்தி ஏட்டைக் கவனிக்க ஒருவர். அவ்வளவுதான் நிர்வாகம்!

1975-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி. கலிபோர்னியாவில் உள்ள மென்லோ பார்க் நகரில், கார்டன் பிரெஞ்ச் என்ற என்ஜினீயரின் கார் ஷெட்டில் சுமார் 30 பேர் கூடினார்கள். "ஆல்டேர்" என்ற சிறிய கம்ப்யூட்டரைப் பார்க்கத்தான் அந்த ஆவல். உதிரி பாகங்களை வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர் அது.

அழைப்பு அனுப்பியவர் பிரெட் மூர். எலெக்ட்ரானிக்ஸ் நிபுணர் அல்ல. சமாதான இயக்கத் தொண்டர். 1959-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தவர். பிறகு ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்கும் போனவர். கிளப்பின் செய்தி ஏட்டைத் தொடங்கி, வந்தவர்களின் பெயர், விலாசம், யாருக்கு எதில் ஆர்வம் என்பதை எல்லாம் அதில் வெளியிட்டார். தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

கையில் ஒரு கோல்

முதலில் கூட்டத்தை நடத்தியவர் பிரெஞ்ச். அவருக்குப் பாடம் நடத்துவதில் விருப்பம்; வந்தவர்களுக்கோ தங்களுக்குள் பேசிக்கொள்வதில் விருப்பம். வேலை நிமித்தமாக அவர் பால்டிமோர் போய்விட, பொறுப்பு லீ பெல்சன்ஸ்டீனிடம் வந்தது. இவரும் பெர்க்லி மாணவர் போராட்டத்தில் கைதானவர்தான்.

இவர் பேசியது குறைவு, பேச வைத்தது அதிகம். கையில் உள்ள கோலை நீட்டினால், அந்த ஆள் எழுந்து தன்னிடம் உள்ளதையும் தனக்கு வேண்டியதையும் சொல்ல வேண்டும். அது முடிந்ததும் கூட்டம் கலையும்; வேண்டியவரை வேண்டியவர் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். மேடை கிடைத்தவர் இப்படி ஒதுங்கி நிற்பது லேசான காரியமா?

அந்தக் கூட்டத்தில்தான் ஸ்டீவ் வோஸ்னியாக் தாம் வடிவமைத்த கம்ப்யூட்டரின் வரைபடங்களை நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அதுவே பின்னர் "ஆப்பிள்-1" ஆயிற்று. 1976 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி பிறந்தது.

பகிர்ந்துகொள்வதற்கு எதிர்ப்பும் வந்தது. தாங்கள் எழுதிய "பேசிக்" புரோகிராமைக் காசு கொடுக்காமல் நகல் எடுக்கிறார்கள் என்று, அப்போது 20 வயதான பில் கேட்ஸ் கோபமாகக் கடிதம் எழுதினார். 1976 பிப்ரவரியில் கிளப்பின் ஏட்டிலேயே அது வெளியாயிற்று!

இதற்குள் மூர் விலகிவிட்டார். மற்றவர்களுக்குக் கருவியின் மேல்தான் கண். அதனால் ஊருக்கு என்ன நன்மை என்ற அவரது கேள்வியைக் கேட்பார் இல்லை. ஏடு ராபர்ட் ரெய்லிங் கைக்குப் போயிற்று.

உறுப்பினர்கள் பலர் முதலாளிகள் ஆனார்கள். சொந்தக் கம்பெனி ரகசியத்தைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? பழைய கலகலப்பு குறைந்தது. பெல்சன்ஸ்டீனும் 1981-ல் வெளிவந்த, கையில் தூக்கிச் செல்லும் "ஆஸ்போர்ன்-1" கம்ப்யூட்டரை வடிவமைத்தார். அந்தக் கம்பெனி 1983-ல் திவாலானது. 1986 டிசம்பரில் கிளப்பின் கடைசிக் கூட்டம் நடந்தது. பிரெட் மூர் 1997-ல் கார் விபத்தில் இறந்தார்.