குதிர் இல்லாமல் வாழும் ஹட்சா மக்கள்

வடக்குத் தான்சானியாவில் எயாசி ஏரியைச் சுற்றி வறண்ட புதர்க்காடு விரிந்து கிடக்கிறது. அங்கே வாழும் ஹட்சா மக்கள் மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் சில நூறு பேர் இன்றும் பெரும்பாலும் வேட்டையாடியும், கிழங்கும் பழமும் தேனும் சேகரித்தும் வயிறு வளர்க்கிறார்கள். உழவு கிடையாது, ஆடுமாடு கிடையாது, தானியம் கொட்டி வைக்கக் குதிரும் கிடையாது. நாளைய சாப்பாட்டுக்கு இவர்களுக்கு என்ன உத்தரவாதம்?

முதல் உத்தரவாதம், ஒன்றை மட்டும் நம்பாமல் இருப்பது. மழைக்காலத்தில் தேன் மிகுதி. கோடையில் தண்ணீர் தேடி விலங்குகள் நீர்நிலைகளுக்கு வரும். ஆண்கள் இரவில் அங்கே மறைந்திருந்து வேட்டையாடுவார்கள். சிறு பழங்கள் அந்தந்தப் பருவத்தில் பழுக்கும். பெருக்க மரம் தன் பங்குக்குப் புளிப்பும் சத்தும் நிறைந்த காயைத் தரும். மன்னாரிலும் ராமநாதபுரம் பக்கமும் நிற்கும் அதே மரம்தான். இருபது, முப்பது பேர் கொண்ட குடியிருப்பு, ஓரிடத்தில் உணவு குறையத் தொடங்கியதும் வேறிடத்துக்குப் பெயரும். புல்லும் கிளையும் கொண்டு புதுக் குடிசை போட ஓரிரு மணி நேரம் போதும்.

எல்லாம் பொய்த்தாலும் கைவிடாதது கிழங்கு. பெண்கள் குழுவாகக் கிளம்புவார்கள். கையில் நுனி சீவிக் கூராக்கிய கழி. தரைக்கு மேலே தெரியும் கொடியைப் பார்த்து, கழியால் மண்ணைத் தட்டி, கிழங்கு இருக்கிறதா என்று கணிப்பார்கள். பாறைகளுக்கு இடையே புகுந்திருக்கும் கிழங்கைக் கல்லைப் புரட்டித்தான் எடுக்க வேண்டும். தோண்டிய இடத்திலேயே தீ மூட்டிச் சிறிது வாட்டித் தோலுரித்து, மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புவார்கள்.

சிறு குழந்தைகளால் இந்தக் கிழங்கைத் தோண்ட முடியாது. இங்கேதான் பாட்டிகள் வருகிறார்கள். 1980களில் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய சகாக்களும், முதிய பெண்கள் சளைக்காமல் உழைப்பதைக் கண்டார்கள். தாய் கைக்குழந்தையோடு இருக்கும் காலத்தில், மூத்த குழந்தையின் எடை கூடுவது பாட்டி எவ்வளவு நேரம் உணவு தேடுகிறாள் என்பதோடு ஒத்துப்போனது. பிள்ளைபெறும் வயது கடந்த பின்னும் மனித இனப் பெண்கள் நெடுங்காலம் வாழ்வது ஏன் என்பதற்குப் ‘பாட்டிக் கருதுகோள்’ என்ற விளக்கம் இதிலிருந்து வலுப்பெற்றது.

தேனுக்கு உதவி வானத்திலிருந்து வருகிறது. ஹட்சா ஆண் ஒரு குறிப்பிட்ட சீழ்க்கை அடித்தால், தேன்காட்டிப் பறவை பதில் குரல் கொடுக்கும். மரம் மரமாகத் தாவி அவனைத் தேன்கூட்டுக்கு அழைத்துப் போகும். அவன் பெருக்க மரத்தில் மர ஆப்புகளை ஒவ்வொன்றாக அடித்து, அவற்றையே படியாக்கி ஏறுவான். கொள்ளிக்கட்டையின் புகையால் தேனீக்களை மட்டுப்படுத்துவான். அவனுக்குத் தேன், மிஞ்சினால் பறவைக்கு மெழுகு. மொசாம்பிக்கில் யாவோ மக்கள் இந்தப் பறவையை அழைப்பது வேறொரு ஒலியால். அந்தந்த வட்டாரப் பறவை அந்தந்த மக்களின் ஒலிக்கே கூடுதலாக இசைகிறது என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரு தரப்பும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்ட உறவு இது.

பெரிய விலங்குக்கு நச்சு அம்பு. நம் மாடித்தோட்டங்களில் தொட்டியில் பூக்கும் அடினியம் செடியின் சாற்றைக் கெட்டியாகும்வரை காய்ச்சி அம்புமுனையில் பூசுகிறார்கள். அம்புமுனைக்கான இரும்பை அக்கம்பக்கத்து மக்களிடம் வாங்குகிறார்கள். ஆகவே, இவர்களைக் கற்காலத்தின் மிச்சம் என்று நினைப்பது தவறு. நம் காலத்திலேயே, வேறொரு வழியில் வாழ்பவர்கள் இவர்கள்.

வேட்டை பல நாள் வாய்க்காது. அதனால் பெரிய விலங்கு விழுந்தால் இறைச்சி குடியிருப்பு முழுவதற்கும் போகும். இன்று கொடுத்தவன் நாளை வெறுங்கையோடு திரும்பினாலும் பட்டினி கிடக்க மாட்டான். இவர்களிடம் தலைவரும் இல்லை, செல்வரும் இல்லை. கிடைத்ததை அன்றன்றே பகிர்ந்து உண்டுவிடும் இந்த முறை சமத்துவத்துக்கு அடிப்படையாக இருப்பதை மானிடவியலாளர் ஜேம்ஸ் உட்பர்ன் 1982இல் விளக்கினார்.

உடலும் பாடம் சொல்கிறது. ஹட்சா ஆண் நாளொன்றுக்குச் சராசரியாக 11 கிலோமீட்டர் நடக்கிறான். பெண் சுமார் 6 கிலோமீட்டர். ஆனாலும், உடல் அளவைக் கணக்கில் கொண்டால், அவர்கள் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றல் அமெரிக்க நகரவாசியின் செலவை ஒத்தே இருப்பதை ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு 2012இல் கண்டறிந்தது. உடலுழைப்பு கூடும்போது உடல் மற்ற செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்பது அவர் தரும் விளக்கம்.

ஹட்சாக்களின் குதிர், அவர்கள் வாழும் காடுதான். அதைத் திறக்கும் சாவி, பாட்டியும் தாத்தாவும் கைமாற்றிய அறிவு. காடு சுருங்கினால் அந்த அறிவுக்கு வேலை இல்லாமல் போகும். எயாசி ஏரியைச் சுற்றி வயல்களும் மேய்ச்சலும் பெருகி வரும் நிலையில், யாய்டா பள்ளத்தாக்கில் 20,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தின் மீது ஹட்சா சமூகத்துக்குத் தான்சானிய அரசு 2011இல் உரிமைச் சான்று வழங்கியது. அவர்களுக்கு உண்மையில் உதவ நினைப்பவர்கள் முதலில் காக்க வேண்டியது இந்த நில உரிமையைத்தான்.